அடித்துவிட்ட மூன்று பக்கங்கள்: கிளாரிந்தா நாடகம் குறித்து எங்கள் சேகரக் (சபை வட்டாரக்) கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேகரக் குருவானவர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்காக பாளையங்கோட்டையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆலயம் கட்டிய கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த நாடகப் பிரதி, சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கைக்குத் திரும்பி வந்தது. 14 பக்கங்களில் 5, 6, 7 ஆகிய மூன்று பக்கங்கள் மூலைக்கு மூலை சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஏழாம் பக்கத்தின் அடியில், யாருடையது என்று எனக்குத் தெரியாத ஒரு கையெழுத்தில், "லிட்டில்டன் துரை அவரை முறைப்படி திருமணம் செய்து ஞானஸ்நானமும் பெறச் செய்தார் – பின்னணிக் குரல்" என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. நாடகம் இந்த மாற்றத்தோடுதான் மேடையேறும், இது கமிட்டியின் முடிவு என்று என்னிடம் சொல்லப்பட்டது.

அந்த வரி பொய். பெரியவர்களைப் பார்த்து அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசுகிறது. என்றாலும் அதைவிட மென்மையான சொல் எதுவும் இந்த இடத்தில் பொருந்தவில்லை. பதினொரு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நான், என்னிடம் படித்த பெண்பிள்ளை ஒருத்தியை ஒலிபெருக்கிக்கு முன் நிறுத்தி அந்த வரியைச் சொல்ல வைக்க மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதைக் கமிட்டி அறைக்குள் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. சபையார் எல்லாரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில், நடந்தது என்ன என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலம் அது. 1773-இல் ஆர்க்காட்டு நவாபு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து, 1776-இல் அது மீண்டும் அரசர் கைக்கு வந்ததற்கு முன்னும் பின்னும், அந்தச் சீமையில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் நடமாட்டம் இருந்தது. அங்கே மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஓர் இளம்பெண் கணவனை இழந்தார். சதியைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு 1829 வரையும், கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வருவதற்கு 1856 வரையும் காத்திருக்க வேண்டிய நாட்டில், அந்தக் குலத்துப் பெண்ணுக்கு முன்னால் இருந்த வாழ்க்கை மழித்த தலையும் இருட்டறையும் ஒருவேளைச் சோறும்தான். சிதையில் ஏற்றப்படவிருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது நம் ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதை.

இந்தக் கதையில் நீங்கள் கை வைக்கவில்லை. சிதைக் காட்சி வரும் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், "நன்றாக உள்ளது, இன்னும் ஐந்து நிமிடம் நீட்டலாம், புகைக்கு ஏற்பாடு செய்யலாம்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பை நான் பலமுறை வாசித்தேன். ஒரு பெண் கைகால் உதறி அலறுவதையும், வேறொருவர் வந்து அவளைத் தூக்கிக் காப்பாற்றுவதையும் மேடையில் பார்க்க நமக்குத் தடையில்லை. அதே பெண் தன் மனத்தால் ஒருவரை விரும்பினாள், தன் வாயால் ஒன்றைக் கேட்டாள், மறுக்கப்பட்டாள், பிறகும் கேட்டாள் என்று வரும்போதுதான் சிவப்பு மை தேவைப்பட்டிருக்கிறது.

அடிக்கப்பட்ட பக்கங்களில் இருந்தது இதுதான். அவர் லிட்டில்டனுடன் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்வதாக அந்த அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது; வாக்கு நிறைவேறவில்லை. கிறிஸ்தவ மார்க்கத்தின் அடிப்படைகளை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அந்த அதிகாரிதான். அவர் வழியாக வந்த விசுவாசம் விரைவிலேயே அந்தப் பெண்ணின் சொந்த விசுவாசமாக வேர்பிடித்துவிட்டது என்பதற்கு ஒரே சாட்சி போதும்: தஞ்சாவூரில் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் தமக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர் கேட்டார். திருமணம் இல்லாமல் ஓர் ஆணுடன் வாழ்பவருக்குத் தர இயலாது என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்ஸ், அதே பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அன்று அவர் பெற்ற பெயர்தான் கிளாரிந்தா.

அந்த மறுப்புக்கும் 1778-க்கும் நடுவில் இருந்த காலத்தைத்தான் நீங்கள் ஒரே வரியில் மூடிவிட்டீர்கள். என் நாடகத்துக்கு உயிரே அந்தக் காலம்தான். ஞானஸ்நானத்தைப் பெறுவதற்காக, தாம் நேசித்த மனிதரை அவர் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. மறுத்துவிட்டார்களே என்று கிறிஸ்துவை விட்டுவிட்டும் போகவில்லை. இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் அவருடைய பாடு எளிதாக முடிந்திருக்கும்; பிறந்த வீட்டுக்கும் திரும்ப முடியாமல், கேட்ட ஆலயத்திலும் இடம் கிடைக்காமல், இரண்டையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு குத்துவிளக்கு, இரண்டு மனிதர்கள், அவ்வளவுதான். அவர் கேட்கிறார், ஐயர் காரணத்தைச் சொல்லி மறுக்கிறார், அவர் கைகூப்பிவிட்டு எழுந்து போகிறார். அந்தக் காட்சியில் கண்ணீர் வேண்டாம் என்று நடிக்கும் பிள்ளைக்கு நான் குறிப்பு எழுதியிருந்தேன்.

ஒத்திகையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளாரிந்தாவாக நடிப்பவளுக்குப் பதினேழு வயது; பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆறாம் பக்கத்தை இரண்டாவது முறை நடித்து முடித்தபோது, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடியே என்னிடம் வந்து, "அக்கா, ஒரு தடவை வேண்டாம்னு சொன்னவங்ககிட்டயே ஏன் திரும்பவும் போய் கேட்டாங்க? எனக்குன்னா கோபம் வந்திருக்கும்" என்றாள். சுற்றியிருந்த மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று ஒத்திகை நின்றுபோய், நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயரிடம் கேட்டாலும் ஆண்டவரிடம்தானே கேட்டார் என்றாள் ஒருத்தி. அவர் ஐயர்மேல் கோபமாகத்தான் இருந்திருப்பார், கோபத்தோடும் ஜெபம் பண்ணலாம் என்றாள் இன்னொருத்தி. பதினொரு ஆண்டு ஞாயிறு பள்ளியில் அவர்கள் விசுவாசத்தைப் பற்றி இவ்வளவு தங்கள் வாயால் பேசி நான் கேட்டதில்லை. சிறுபிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது நீங்கள் எனக்குச் சொன்ன முதல் காரணம். பிள்ளைகள் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டுவிட்டேன்.

அக்கம்பக்கத்தார் நம் சபையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது இரண்டாவது காரணம். கிளாரிந்தா வாழ்ந்த வாழ்க்கை பாளையங்கோட்டையில் யாருக்கும் ஒளிவுமறைவாக இருந்ததில்லை. தெரிந்துதான் மக்கள் அவர் கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றும், அவர் வெட்டிய கிணற்றைப் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றும் சொன்னார்கள். கிணறு என்றதும் எனக்கு யோவான் 4-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. கடந்த லெந்து (தவக்) காலத்தில் குருவானவர் அவர்கள் அந்த அதிகாரத்தை வைத்தே மூன்று வாரம் பிரசங்கித்தீர்கள். ஐந்து புருஷரைக் கொண்டிருந்தவள், இப்போது உடன் இருப்பவனும் புருஷன் அல்லாதவள், குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி ஆண்டவரை அறிவித்தாள் என்று நீங்கள் சொன்னபோது சபை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். வேதத்தில் இருக்கும் சமாரியப் பெண்ணைப் பற்றி முழுமையாகப் பேச முடிந்த நமக்கு, நம் சொந்தச் சீமையின் பெண்ணைப் பற்றி ஏன் பேச முடியவில்லை?

சுவார்ட்ஸ் ஐயருடைய பெயருக்குக் களங்கம் வரும் என்பது மூன்றாவது. இதற்கு நான் மனதார மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் அவர்மேல் எனக்கும் பக்தி உண்டு. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பாமல் உழைத்த மனிதர் அவர். மறுத்தபோதும் அவர் தம் காலத்துச் சபை ஒழுங்கின்படி நடந்தார் என்றுதான் நான் வசனம் எழுதியிருக்கிறேன், அவரை வில்லனாக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் இருவர் வாழ்ந்தார்கள். வாக்குக் கொடுத்தவர் ஆண், அதை நிறைவேற்றாதவரும் ஆண். வாசலில் நிறுத்தப்பட்டவரோ பெண். இந்த அநீதியை மேடையில் காட்டுவதால் சுவார்ட்ஸ் சிறுத்துப் போக மாட்டார், ஏனென்றால் பிறகு அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பெண் கட்டிய ஆலயத்தை 1785-இல் அவரே வந்து பிரதிஷ்டை செய்தார். தாம் மறுத்த கதையையும் தம் எழுத்தில் அவர் மறைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1881-இல், திருநெல்வேலி மிஷனின் வரலாற்றை எழுதிய கால்டுவெல் அத்தியட்சரும் (பிஷப்பும்) மறைக்கவில்லை. அவ்விருவரும் வெட்கப்படாமல் எழுதியதை அவர்களுடைய மரியாதையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நாம் அழிக்கிறோம்.

நாடகத்தின் பிற்பகுதியை நீங்கள் அப்படியே விட்டிருப்பதால் அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் அவரோடு சேர்ந்து 40 பேர் மட்டுமே இருந்ததும், கையிலிருந்த செல்வத்தை அவர் ஆலயத்துக்குச் செலவிட்டதும், சுவார்ட்ஸிடம் கேட்டு உபதேசியாரை வரவழைத்ததும், அப்படி வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றதும் உங்கள் ஒப்புதலோடு மேடையேறப் போகின்றன. ஆனால் நடுப்பகுதியை எடுத்துவிட்டால் இந்தப் பிற்பகுதிக்கு அர்த்தம் இல்லை. நீங்கள் சேர்த்த வரியின்படி, ஒரு நல்ல துரை ஒரு பாவப்பட்ட பெண்ணைத் தூக்கிவந்து, மணந்து, ஞானஸ்நானம் பெற வைத்தார்; அவள் நன்றிக்காகக் கோயில் கட்டினாள். ஆலய வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி, யாரும் திருப்பி அனுப்ப முடியாதபடி தானே ஓர் ஆலயம் எழுப்பினாள் என்பதை அந்த வரி தொலைத்துவிடுகிறது.

இதற்கு மேல் எழுதுவது என் சொந்த வாழ்க்கையைச் சேர்ந்தது. எழுத வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். யோசித்து, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தேழு வயதில் முதல் கணவர் விபத்தில் இறந்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் என்னைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டார். அவரும் விசுவாசி, நானும் அவரை விரும்பினேன். ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்பட்டது, யாரும் தடை சொல்லவில்லை. அதன்பின் அப்போதைய சபைப் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுமணம் என்பதால் பீடத்துக்கு முன் வைக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் முடித்துக்கொள்ளலாம், பாடகர் குழு தேவையில்லை என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையாட்டினார். நானும் அன்று வாய் திறக்கவில்லை.

வெஸ்ட்ரியில் ஒரு பக்கம் பண்டிகைப் பந்தலுக்கான படுதாக்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து மழையில் நனைந்து காய்ந்த சாக்கு நாற்றம் வந்தது. பதிவேட்டை விரிக்க இடமில்லாமல் காணிக்கைப் பைகளை ஒதுக்கி வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஆலயப் பணியாளர் தாத்தா மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, "மணி அடிக்கச் சொல்லலையேம்மா" என்றார். என் மகள் என் கையைப் பிடித்தபடி, அம்மா கல்யாணம் எப்போது என்று கேட்டாள்.

கணவன் இறந்தபின் தனக்கு இஷ்டமானவனைக் கர்த்தருக்குள் மணந்துகொள்ள ஒரு பெண் விடுதலையாயிருக்கிறாள் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். இஷ்டம், விடுதலை என்னும் அந்த இரண்டு சொற்களும் வேதத்திலேயே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி என்பதும் வெஸ்ட்ரி என்பதும் எந்தச் சபைச் சட்டத்திலும் இல்லை. வழக்கம் என்ற பெயரில் மட்டுமே இருக்கின்றன. எனக்குப் பின் இந்தச் சேகரத்தில் மறுமணம் செய்துகொண்ட வேறு இரண்டு பெண்களுக்கும் அதே வெஸ்ட்ரிதான் கிடைத்தது. ஆனால் மனைவியை இழந்த ஓர் ஆணின் மறுமணம் பீடத்துக்கு முன், பாடகர் குழுவோடு, மணியோசையோடு நடந்ததை நான் என் இருக்கையிலிருந்து பார்த்தேன். அந்த மணமக்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குச் செய்தது சரியே. ஆறாம் பக்கத்தை எழுதும்போது வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணை நான் கற்பனை செய்யத் தேவைப்படவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவது, 5, 6, 7-ஆம் பக்கங்கள் அப்படியே மேடையேற வேண்டும். நேரம் போதாது என்றால் சிதைக் காட்சியைச் சுருக்கிக்கொள்கிறேன். வசனத்தில் எந்தச் சொல் கண்ணியக் குறைவாக இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொன்னால், உங்கள் முன்னிலையிலேயே உட்கார்ந்து அந்தச் சொல்லை மாற்றித் தருகிறேன்; நடந்ததை மாற்றித் தர மாட்டேன். திருமணம் நடந்ததாகச் சேர்க்கப்பட்ட பின்னணி வரி, மேடையில் மட்டுமல்ல, அச்சுக்குப் போகவிருக்கும் பண்டிகை மலரிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். மலரில் அச்சாகும் அம்மையாரின் வரலாற்றுக் குறிப்பில், சிதையிலிருந்து மீட்கப்பட்டது வழிவழிக் கதை என்றும், தஞ்சாவூரில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டதும் 1778-இல் கொடுக்கப்பட்டதும் மிஷன் ஆவணங்களில் உள்ளவை என்றும் பிரித்து எழுத வேண்டும்.

இரண்டாவது, இந்தச் சேகரத்தில் கைம்பெண்ணின் மறுமணம் மற்ற எந்தத் திருமணத்தையும் போலவே, அவர்கள் கேட்கும் நாளில், பீடத்துக்கு முன், பாடல்களோடும் மணியோசையோடும் நடத்தப்படும் என்று கமிட்டி தீர்மானம் நிறைவேற்றி, அதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி, ஞாயிறு ஆராதனையில் அறிவிக்க வேண்டும். அடுத்த மாதம் ஓலை வாசிக்கப்படவிருக்கும் ஒரு சகோதரி நம் சபையில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு முன்னதாகவே அந்தத் தீர்மானம் வர வேண்டும்.

மூன்றாவது, நாடகத்தில் நடிக்கும் ஒன்பது பெண்பிள்ளைகளும் உங்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறார்கள். அடுத்த ஒத்திகை வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. கமிட்டியிலிருந்து இரண்டு பேராவது வந்து, அடிக்கப்பட்ட மூன்று பக்கங்களையும் அவர்கள் நடித்துக் காட்டுவதை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட்டு, அதன்பின் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். அந்தப் பதில் வரும்வரை திருத்தப்பட்ட பிரதியைக் கொண்டு ஒத்திகை நடத்த மாட்டேன்.

கிறிஸ்துவின் பணியில்,
நாடகப் பிரதியை எழுதிய ஞாயிறு பள்ளி ஆசிரியை